அரைச் சக்கரை

மரக்காணம் பஸ் நிறுத்தத்தை ஒட்டியிருக்கும் டீக்கடையில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். உப்பளத்துக்குப் போகிறவர்கள், பாண்டிக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் டீ வேண்டும். கடைக்காரர் பச்சமுத்து டீயை ஆற்றிக்கொண்டே எதிரில் நின்ற அருக்காணியைப் பார்த்தார். பார்த்தது அவளை, கேட்டது பக்கத்தில் நின்ற அவள் புருஷன் கலியமூர்த்தியிடம்.

"ஏம்பா, உன் சம்சாரத்துக்குச் சக்கர போடலாமா?"

"போடு, போடு" என்றான் கலியமூர்த்தி.

அருக்காணிக்கு எப்போதும் அரைச் சக்கரைதான். அந்தப் பதில் அவளிடம் தயாராகத்தான் இருந்தது. மனசிலிருந்து கிளம்பி அது நாக்குக்கு வந்து சேர்வதற்குள் கிளாஸ் கைக்கு வந்துவிட்டது. பாயசம் மாதிரி இருந்த டீயை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். அவள் சுளிப்பதைப் பார்த்த கலியமூர்த்தி, சூடு அதிகமோ என்று பதறி, அவள் கையிலிருந்த கிளாஸை வாங்கி ஊதிக்கொடுத்தான். கடையில் நின்ற நாலு பேர் 'ச்சு' கொட்டினார்கள்.

நல்ல மனுஷன்தான் கலியமூர்த்தி. அதுதான் தொல்லையே.

சுனாமி வந்ததற்கு அடுத்த சித்திரையில் கீழ்புத்துப்பட்டுக் கோயிலில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. இரண்டு பேரும் அவனுடைய டி.வி.எஸ். வண்டியில் கிளம்பினார்கள். ஹெல்மெட் என்ற பொருள் அந்தக் குடும்பத்தில் யார் தலையிலும் ஏறியதில்லை. பக்கத்தில்தானே போகிறோம் என்றான் அவன். பக்கத்தில் இருக்கிற ரோட்டை மட்டும் பஞ்சால் போட்டிருக்கிறார்களா என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. குறுக்கே ஓடிவந்த கன்றுக்குட்டிக்காகப் பிரேக் போட்டான். அவனுக்கு முழங்கால் சிராய்ப்பு. சீர்ப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருக்களித்து உட்கார்ந்திருந்த அருக்காணி, பின்மண்டை தார் ரோட்டில் மோத விழுந்தாள்.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் தலையைத் திறந்து ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். கண் விழித்த அன்று, இரும்பை கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் சந்தியாவை, என்றோ செத்துப்போன அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மகள் அழுதாள். அம்மாவோடு இருந்து மழைக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நடை வந்தது, கைப்பிடி வந்தது, பெயர்கள் வந்தன. வாசனை மட்டும் வரவே இல்லை. குழம்பு அடிப்பிடித்தால் மூக்குக்குத் தெரியாது. ஆனால் உப்பு கூடவா குறைவா என்று நாக்கு சரியாகச் சொல்லிவிடும். உப்பளத்துக்காரிக்கு அது போதும் என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

பேச்சு வந்தது, நிதானமாக வந்தது. கேள்வி கேட்டால் பதில் வருவதற்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினால் எல்லாம் தலைக்குள் கலந்து ஒன்றும் விளங்காது. வெயிலில் சீக்கிரம் களைத்துப்போவாள். முன்பு இல்லாத கோபம் சில நேரம் சட்டென்று வரும். இவ்வளவுதான் மிச்சமிருந்த குறை.

ஊர் அதற்கு ஒரே பெயர் வைத்தது. மண்டை கலங்கிப்போச்சு என்றது. தாயத்து கட்டச் சொன்னார்கள், கட்டியாயிற்று. மந்திரிக்கச் சொன்னார்கள், அதுவும் ஆயிற்று. அவள் கண்முன்னாலேயே, அவள் அங்கே இல்லாத மாதிரி, 'தூங்குதா, சாப்பிடுதா' என்று கலியமூர்த்தியிடம் விசாரித்தார்கள். வண்டி ஓட்டியவன் தான் என்ற குற்ற உணர்ச்சி அவனைத் தின்றுகொண்டிருந்தது. அதனால் பெண்டாட்டியைத் தாங்கு தாங்கு என்று தாங்கினான். அவள் எழுந்தால் அவனும் எழுந்தான். அவள் வாயெடுப்பதற்குள் அவன் பேசி முடித்தான். அவள் பதில் சொல்லத் திணறுவதை நாலு பேர் பார்க்கக் கூடாது என்பது அவனுடைய பாசம். அந்தப் பாசத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். தலையில் இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்பது ஒன்று. வேறு வேலை எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கலாம், ஆரம்பிப்பது நல்லது என்பது இன்னொன்று. கலியமூர்த்தி முதல் விஷயத்தோடு காதை மூடிக்கொண்டான். அருக்காணி இரண்டாவதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்து உப்பளங்களில் வேலை பிரிந்தது பிரிந்ததுதான். பாத்தியில் விளைந்த உப்பை நீளக் கழி பூட்டிய பலகையால் வரப்போரம் இழுத்து வாருவது ஆம்பிளை வேலை. வாரிக் குவித்ததைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவது பொம்பிளை வேலை. அருக்காணி கல்யாணமான நாளிலிருந்து சுமந்தவள். இப்போது தலை ஆகாது என்றால் உப்பளமே ஆகாது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். தலை ஆகாவிட்டால் என்ன, கை இருக்கிறதே என்று யோசித்தவள் அவள் ஒருத்திதான்.

யோசிக்க நேரமும் குறைவாக இருந்தது. மாசியில் முதல் உப்பு வாரும் நாளன்று வரப்பில் வந்து நிற்கிறவர்களைத்தான் மேஸ்திரி பக்தவச்சலம் தன் ஆட்களாக எடுத்துக்கொள்வார். அன்று விட்டால், ஐப்பசி மழை வருகிறவரை இடமில்லை. இந்த வருஷமும் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் ஊர் சொல்வதே உண்மையாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

தான் பலகை பிடிக்கப் போவதாக அவள் சொன்னபோது கலியமூர்த்தி முதலில் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துப் பயந்தான்.

"ஊரு சிரிக்கும்டி" என்றான்.

அவள் பதிலைத் தேடி எடுத்தாள். "சிரிக்கட்டும். சிரிச்சா மண்ட ஒடையாது."

அதற்குப் பிறகு அவன் வாதாடவில்லை. நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டான். அவன் வேலைக்குப் போன பிறகு வீட்டில் கிடந்த பழைய பலகையை எடுத்துக்கொண்டு அவள் கொல்லையில் ஈர மணலை இழுத்து இழுத்துப் பழகியது அவனுக்குத் தெரியாது. வேலி ஓரமாக எட்டிப் பார்த்த சவரியம்மாளுக்குத் தெரியும். அருக்காணிக்கு முன்னாலும் பின்னாலும் வருஷக்கணக்காகக் கூடை சுமந்து நடந்த சிநேகிதி அவள். பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அந்த ஒன்றும் சொல்லாததற்காகவே அருக்காணிக்கு அவளைப் பிடிக்கும்.

முதல் வாருதல் நாள் வந்தது. இருட்டு விலகுவதற்குள் வரப்பில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கற்பூரம் கொளுத்தி, பாத்தியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பாத்திகள் வெளுத்து, உப்பு பூத்துக் கிடந்தது. பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆம்பிளைகள் வரிசையில் வந்து நின்ற அருக்காணியை மேஸ்திரி மேலும் கீழும் பார்த்தார். பிறகு கலியமூர்த்தியிடம் திரும்பி, இது என்ன கூத்து என்று விசாரித்தார். கலியமூர்த்தி நெளிந்தான். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லையாம், ஏதோ ஆசைப்படுகிறாள், பெரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று குழந்தைக்குப் பரிந்து பேசுவது போலப் பேசினான். சவரியம்மாள்தான் குறுக்கே புகுந்தாள். ஒரு பாத்தியைக் கொடுத்துப் பார்த்தால் உப்பளம் ஒன்றும் கடலுக்குள் போய்விடாது என்றாள். மேஸ்திரி பாவம் பார்த்து ஓரத்துப் பாத்தி ஒன்றைக் காட்டினார்.

அங்கே தொடங்கியது வினை. பொம்பிளை பலகை பிடிக்கிற அதிசயத்தைப் பார்க்கத் தங்கள் பாத்தியை விட்டுவிட்டு ஏழெட்டுப் பேர் வந்து வரப்பில் நின்றார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லாருக்கும் உதவி செய்ய ஆசை. பலகையைச் சாய்த்துப் பிடி என்றார் ஒருவர். நிமிர்த்திப் பிடி என்றார் இன்னொருவர். சேறு கிளம்பும், மெதுவாக என்றான் கூட வேலை செய்கிற பக்கிரி. கால் வழுக்கும், பார்த்து என்று கலியமூர்த்தி எல்லாருக்கும் மேலே கத்தினான். இடது பக்கம், வலது பக்கம், போதும், இன்னும் கொஞ்சம் என்று குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அருக்காணிக்குத் தலைக்குள் எல்லாம் பின்னிக்கொண்டது. யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் பின்னால் நகர்ந்தாள். குதிகால் நடு வரப்பில் பட்டு மண் சரிந்தது. பக்கத்துப் பாத்தியில் முந்தின நாள் பாய்ச்சிய, இன்னும் உப்பு முற்றாத இளந்தண்ணீர், விளைந்த உப்பின் மேல் ஓட ஆரம்பித்தது. அந்தத் தண்ணீர் பட்டால் விளைந்த உப்பு கரைந்துவிடும். இப்போது எல்லாருமே கத்தினார்கள்.

அருக்காணி பலகையைத் தூக்கி எறிந்தாள்.

"எல்லாரும் வாய மூடுங்க" என்று அலறினாள்.

வரப்பில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். பிறகு யாரோ, முத்திப்போச்சு என்று முணுமுணுத்தார்கள். பக்கிரி ஓடிப்போய் உடைப்பில் நாலு கை மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தான். மேஸ்திரி கலியமூர்த்தியின் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப்போனார். இது என்ன கூத்து என்று தான் அப்போதே கேட்டதாகவும், பாவம், வீட்டுக்கு இட்டுக்கொண்டு போகும்படியும், இந்த வருஷம் அவளை வைத்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். கையில் எடுத்த பாத்தியை முடித்துவிட்டுக் கூட்டிப்போவதாகச் சொல்லி, கலியமூர்த்தி அவளை மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார வைத்தான். தண்ணீர் கொடுத்தான், முகத்தைத் துடைத்துவிட்டான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

இந்த இடத்தில் அவள் அழுதிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அருக்காணி அழவில்லை. கோபம் இறங்கட்டும் என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கியதும் நிதானமாக யோசித்தாள். கொல்லையில் அத்தனை நாள் பலகை இழுத்தபோது ஒரு தடவைகூடத் தடுமாறவில்லையே. அங்கேயும் இதே கைதான், இதே தலைதான். அங்கே இல்லாதது ஒன்றே ஒன்று, இந்தச் சத்தம். தன்னிடம் கோளாறு இருக்கிறது, அது உண்மை. அந்தக் கோளாறு என்ன என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த கோளாறுக்கு வழி பண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்தபோது அவளுக்குத் தெம்பு வந்தது.

வெயில் ஏறுமுன் கூழ் குடிப்பதற்காக ஆட்கள் மேட்டுப் பக்கம் போனார்கள். ஆள் இல்லாத பாத்திக்கு அவள் போனாள். பக்கிரி போட்ட மண் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. களிமண்ணைப் பிசைந்து வைத்து, குதிகாலால் மிதித்து, கையால் வழித்து அடைத்தாள். கசிவு நின்றது. பிறகு பலகையைக் கழுவி எடுத்துக்கொண்டு, கரையாமல் மிஞ்சிய உப்பை இழுக்க ஆரம்பித்தாள்.

முதலில் பார்த்தவன் கலியமூர்த்திதான். கூழ்ச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். அடியே, விழுந்துடப் போற என்று கத்த வாய் திறந்துகொண்டே ஓடினான். வரப்பு முனையில் சவரியம்மாள் கையை நீட்டி மறித்தாள்.

"அண்ணே, நில்லு. உன் காலப் புடிக்கிறேன், வாயத் தெறக்காத."

"விழுந்துட்டா?"

"விழுந்தா தூக்கிக்கலாம். இப்பப் பாரு."

அவன் பார்த்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, ஒன்றும் சொல்லாமல், ஒன்றும் செய்யாமல், தன் பெண்டாட்டியை வெறுமனே பார்த்தான். அவள் பலகையை நீட்டினாள், அமர்த்தினாள், இழுத்தாள். மறுபடி நீட்டினாள். அவசரம் இல்லை, தடுமாற்றமும் இல்லை. சேறு கிளம்பாமல் உப்பு வரப்போரம் வந்து சேர்ந்தது. நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அவளே தொடர்ந்தாள். காலையில் அவளைத் தடுமாற வைத்த குரல்களில் எல்லாருக்கும் மேலே கேட்டது தன் குரல்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் மட்டுமா, இத்தனை மாதமும் அப்படித்தானே என்று நினைத்ததும் அவன் கண் கலங்கியது.

மற்ற ஆம்பிளைகளைவிட அவள் வேகமாக வாரினாள் என்று சொல்லிவிட ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவர்கள் இரண்டு பாத்தி முடிக்கிற நேரத்தில் அவள் ஒன்றை முடித்தாள். ஆனால் முடித்தாள். குவிந்திருந்த உப்பை ஒரு கை அள்ளிப் பார்த்த மேஸ்திரி, சுத்தமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டவர், பழக்க தோஷத்தில் கலியமூர்த்தியிடமே கேட்டார்.

"ஏம்பா, நாளைக்கும் இட்டுனு வர்றியா? தாங்குமா ஒடம்பு?"

கலியமூர்த்தி வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"என்னக் கேக்காதீங்க மேஸ்திரி. அவளக் கேளுங்க. கேட்டுட்டுக் கொஞ்சம் நில்லுங்க."

மேஸ்திரி அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். நின்றார். நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. துண்டை எடுத்து முகம் துடைத்தார், தொண்டையைச் செருமினார். பக்கிரி ஏதோ எடுத்துக்கொடுக்கப் போனபோது கலியமூர்த்தி அவன் கையைப் பிடித்து அழுத்தினான். அருக்காணி பலகையை ஊன்றிக்கொண்டு சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தாள்.

"வரேன். தலையில தூக்க மாட்டேன். வாருவேன். எங்கிட்ட ஒருத்தர்தான் பேசணும், ஒவ்வொண்ணா சொல்லணும். வெயில் ஏறுனா நெழல்ல ஒக்காந்துட்டு வருவேன். அதுக்கு யாரும் பாவம் பாக்க வேணாம்."

ஆபரேஷனுக்குப் பிறகு வெளியாள் யாரும் அவளிடமிருந்து இவ்வளவு நீளமாகக் கேட்டதில்லை. சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லாததால் அல்ல. கேட்க யாரும் நின்றதில்லை. மேஸ்திரிக்கு அது புரிந்ததும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவளை ஏறிட்டுப் பார்த்து, ஓரத்து வரிசைப் பாத்திகளில் சத்தம் குறைவு, அதையே எடுத்துக்கொள்ளட்டும் என்று அவளிடமே சொன்னார். தான் கத்தியதால்தான் வரப்பு உடைந்ததோ என்று பக்கிரி தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான். ஆமாம் என்றாள் அருக்காணி. இந்தப் பதில் மட்டும் உடனே வந்தது.

மறுநாள் விடியற்காலை டீக்கடையில் அதே கூட்டம். பச்சமுத்து டீயை ஆற்றிக்கொண்டே வழக்கம்போலக் கலியமூர்த்தியைப் பார்த்து, சம்சாரத்துக்குச் சக்கரை போடலாமா என்றார். கலியமூர்த்தி ரோட்டில் போகிற பாண்டி பஸ்ஸை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பச்சமுத்து இன்னொரு தடவை கேட்டார். பஸ் போன பிறகும் அவன் அந்தப் பக்கமே பார்த்தான். வேறு வழியில்லாமல் பச்சமுத்து அருக்காணியைக் கேட்டார். கரண்டி சக்கரை டப்பாவின் மேல் நின்றது. பின்னால் நின்றவர் சீக்கிரம் ஆகட்டும் என்றார். பச்சமுத்து நின்றார்.

"அரைச் சக்கர" என்றாள் அருக்காணி.

டீ வந்தது. பச்சமுத்து குற்றம் செய்தவர் போலக் கலியமூர்த்தியிடம் குனிந்து, பேச்சே வராது என்று அல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன் என்றார். இப்போது கலியமூர்த்தி திரும்பினான். கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்.

"அடிபட்டவங்ககிட்ட பதில் இல்லாமப் போயிடலண்ணே. வந்து சேர கொஞ்சம் நேரமாவுது, அவ்ளோதான். அதுக்குள்ள நாம பூந்து பேசிட்டு, அவங்களுக்குப் புத்தி இல்லன்னு சொல்லிடறோம். நானே அதத்தான் பண்ணேன். ஒடம்பு தேறி வர்றவங்களுக்குப் பரிதாபம் வேணாம். ஒரு வேலையும், அதுக்குக் கொஞ்சம் நேரமும் குடுத்தா போதும். காத்திருக்கத் தெரியாதது நம்ம வியாதி. அவங்களோடது இல்ல."

அருக்காணி ஒரு மடக்கு குடித்தாள். சக்கரை சரியாக இருந்தது. புருஷனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் பதிலுக்காக அவன் காத்திருந்தான். அவசரப்படாமல், நன்றாகவே காத்திருந்தான்.

"பேசுனது போதும்" என்றாள் அவள். "டீ ஆறுது, குடி. வேலைக்கு நேரமாச்சு."